ஐஐடி வாசலில் பெற்றோருக்கு என்ன வேலை?

ஐஐடிக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். பிள்ளை மட்டுமே செய்ய முடிந்த வேலையில் அம்மாவும் அப்பாவும் ஓயாமல் தலையிடுவார்கள்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்தான், மாக் டெஸ்டில் எவ்வளவு, கூடப் படிக்கிற பையன் எவ்வளவு. பெரியவர்கள் மட்டுமே செய்ய முடிந்த வேலைகள் தனியாக இருக்கின்றன. சான்றிதழ் வாங்குவது, பெயரில் இருக்கும் குளறுபடியைச் சரிசெய்வது, கவுன்சலிங் விதிகளைப் படிப்பது, பணத்தைத் தயாராக வைத்திருப்பது. அவையெல்லாம் 'ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று கிடக்கும். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் நடக்கிற சண்டைகளில் பாதி இதனால்தான் வருகிறது என்பது என் எண்ணம்.

போட்டி எவ்வளவு பெரியது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2025இல் ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் ஏறத்தாழ 14.75 லட்சம் பேர். இடஒதுக்கீட்டுப் பிரிவுகள் எல்லாம் சேர்த்து முதல் இரண்டரை லட்சம் பேருக்குத்தான் அடுத்த கட்டமான அட்வான்ஸ்ட் தேர்வை எழுதத் தகுதி. அந்த ஆண்டு அட்வான்ஸ்டின் இரண்டு தாள்களையும் எழுதியவர்கள் சுமார் 1.8 லட்சம். 23 ஐஐடிகளிலும் இருந்த இடங்கள் 18,160. மெயின் மார்க் ஐஐடிக்கு வாசற்படி மட்டும்தான். அங்கே இடம் தருவது அட்வான்ஸ்ட் ரேங்க். திருச்சி என்ஐடி (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) போன்ற நிறுவனங்களுக்கு மெயின் ரேங்க்கே போதும். அவற்றில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு என்பதால், தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முடித்தவருக்குத் திருச்சி ஒரு கூடுதல் வாய்ப்பு.

இந்த முறை தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு அந்நியமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. இங்கே தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தது. அதற்கு முன்னால் அந்தத் தேர்வை எழுதிய பெற்றோருக்கும் பழைய அனுபவம் பெரிதாக உதவாது. அப்போது ப்ளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று சேர்த்து 300க்குக் கட்-ஆஃப் போட்டார்கள், பள்ளி மார்க்தான் மூன்றில் இரண்டு பங்கைத் தீர்மானித்தது. இப்போது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிட முடிகிற ஏற்பாடு இது. ஜேஇஇயில் அப்படிச் சொல்ல முடியாது.

பெர்சன்டைல் என்ற சொல்லே பல வீடுகளில் கலகம் செய்கிறது. மெயின் தேர்வு பல நாட்களில், பல ஷிப்ட்களில், வெவ்வேறு வினாத்தாள்களோடு நடக்கிறது. ஒரு ஷிப்டில் தாள் கடினம், இன்னொன்றில் எளிது. அதனால் மார்க்கை நேரடியாக ஒப்பிடாமல், அந்த ஷிப்டில் எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் இந்தப் பிள்ளையின் மார்க்கிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறார்கள் என்று கணக்கிடுகிறார்கள். 99 பெர்சன்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மார்க் இல்லை. 14.75 லட்சம் பேரில் ஒரு சதவீதம், அதாவது பதினாலாயிரத்துச் சொச்சம் பேர் அவனுக்கு முன்னால் இருக்கிறார்கள் என்று பொருள். ஜனவரி, ஏப்ரல் என்று இரண்டு முறை எழுதி, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஆக, வேறு ஷிப்டில் எழுதிய அண்டைவீட்டுப் பெண்ணின் மார்க்கையும் நம் வீட்டு மார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது வெறும் வயிற்றெரிச்சல்.

அட்வான்ஸ்டில் நிலைமை இன்னும் வேறு. 2025இல் பொது ரேங்க் பட்டியலில் இடம்பெறத் தேவைப்பட்ட குறைந்தபட்ச மார்க் 360க்கு 74. முந்தைய ஆண்டு 109. தாள் எவ்வளவு கடினமோ அதற்கேற்ப இது ஏறி இறங்கும். சென்டம் வாங்கிப் பழகிய பிள்ளை, இந்த வகைத் தாளில் 360க்கு 120 எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மாவின் முகம் எப்படி இருக்கும்? அந்த 120 நல்ல மார்க்காக இருக்கலாம் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளை சொன்னாலும் சாக்குச் சொல்வதாகத்தான் படும். 'எதையும் விடாம எழுதிட்டு வா' என்று ப்ளஸ் டூ தேர்வுக்கு அனுப்பும்போது சொல்கிற அறிவுரையும் இங்கே கெடுதல். மெயினில் சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. தெரியாததைத் தைரியமாக விட்டுவிட்டு நகர்வது இந்தத் தேர்வுகளில் ஒரு திறமை. அது கோச்சிங்கில் வருவதைவிட, மாக் டெஸ்டில் அடிபட்டு வருவதுதான் அதிகம்.

பாடத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஜேஇஇ கேள்விகளில் கிட்டத்தட்டப் பாதி ப்ளஸ் ஒன் பாடத்திலிருந்து வரும். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் புகழின் உச்சியில் இருந்த காலத்தில், ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தை நடத்துவது ஊரறிந்த ரகசியம். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது, 2025-26இலிருந்து அதுவும் இல்லை. உங்கள் பள்ளியில் ப்ளஸ் ஒன் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்பது பெற்றோர் செய்ய வேண்டிய வேலை. ப்ளஸ் டூவைக் கைகழுவிவிடவும் முடியாது. ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கு ப்ளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 65. அது இல்லையென்றால் அந்தந்த வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் வர வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது: மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், அட்வான்ஸ்ட் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான்.

சரி, இப்போது தாசில்தார் அலுவலகத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் பெற்றோர் உதவி என்பதன் சாரமே இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி என்று சாதிச் சான்றிதழ் கையில் இருக்கும். பள்ளியில் கொடுத்தோம், எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைத்துவிடுவோம். மத்திய நிறுவனங்களில் அது செல்லாது. அங்கே பிசி, எம்பிசி என்ற பிரிவே கிடையாது. இரண்டும் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்ற 27 சதவீத ஒதுக்கீட்டுக்குள் வரும். அதற்கு உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் அச்சு அசலாக ஒன்று கிடையாது. சாதி பட்டியலில் இருந்தாலும், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்கள்) வராதவர் என்று மத்திய அரசு படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். அதிலும் தேதி ஒரு கண்ணி: அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஜனவரியில் மெயின் விண்ணப்பத்துக்காக முன்ஜாக்கிரதையாக வாங்கி லேமினேட் செய்து வைத்த சான்றிதழ் ஜூனில் கவுன்சலிங்குக்கு உதவாது. பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டுக்கும் இதே தேதிக் கணக்குதான். மாநிலக் கல்லூரிகளில் அந்த ஒதுக்கீடு நடைமுறையில் இல்லாததால் பல குடும்பங்களுக்கு அப்படி ஒரு சான்றிதழ் உண்டு என்பதே தெரிவதில்லை.

கிரீமி லேயர் விஷயத்தில் நிறையப் பேர் தாங்களாகவே தங்களைத் தகுதிநீக்கம் செய்துகொள்கிறார்கள். ஆண்டு வருமானம் 8 லட்சம் என்ற வரம்பைக் கேள்விப்பட்டு, 'வாத்தியார் சம்பளமே அதுக்கு மேல போகுதே' என்று விட்டுவிடுவார்கள். அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளத் தொகை அளவுகோல் ஆகாது. அம்மாவும் அப்பாவும் எந்த நிலைப் பதவியில் இருக்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்தில் சேராது. தனியார் வேலை, சொந்தத் தொழில் என்றால் கணக்கு வேறு. வருவாய்த் துறையில் முன்கூட்டியே போய்க் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால், விஏஓ விசாரணை, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் கையெழுத்து என்று நகர அவகாசம் கிடைக்கும். அட்வான்ஸ்ட் முடிந்தபிறகு ஓடினால், மாவட்டம் முழுவதும் கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் நிற்கிற கூட்டத்தில் நீங்களும் நிற்பீர்கள். சான்றிதழ் உரிய நேரத்தில் வரவில்லை என்றால் பிள்ளை பொதுப் பிரிவில்தான் எண்ணப்படும். இரண்டு வருஷம் ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய பிரிவு ரேங்க் ஒரு காகிதத்தால் போய்விடும்.

பெயர் இன்னொரு தலைவலி. வட இந்தியாவில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் நமக்கு இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'ர. கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் ரவிச்சந்திரன்', வங்கிக் கணக்கில் 'கார்த்திக் ஆர்'. மூன்று பேரும் ஒரே பையன்தான் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ப்ளஸ் ஒன் முழுப் பரீட்சை லீவிலேயே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு மற்றவற்றை ஒத்துப்போகச் செய்துவிட்டால் நிம்மதி.

பணத்தைப் பற்றிச் சொல்ல 2024இல் நடந்த ஒரு வழக்கு போதும். உத்தரப் பிரதேசத்தில் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் இடம் கிடைத்தது. ஏற்புக் கட்டணம் 17,500 ரூபாய். கடைசி நாள் மாலை 5 மணிக்குள் கட்ட வேண்டும். குடும்பம் பணத்தைப் புரட்டி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. இணையப் பக்கம் மூடிக்கொண்டது, இடம் போயிற்று. அந்த ஆண்டு அட்வான்ஸ்ட் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் குடும்பம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்தது. கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அந்த மாணவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. எல்லோருக்கும் உச்ச நீதிமன்றம் வாய்க்காது. இடம் ஒதுக்கப்பட்ட பிறகு கட்டணம் செலுத்த, ஆவணம் ஏற்ற, கேட்கப்பட்ட விளக்கத்துக்குப் பதில் சொல்ல என்று தரப்படும் அவகாசம் சில நாட்கள்தான். எந்த அட்டையில் கட்டப்போகிறோம், அதன் ஒரு நாள் வரம்பு எவ்வளவு என்பதைக்கூட முன்பே பார்த்துவிடுங்கள்.

படிப்புச் செலவைக் கேட்டுப் பயப்படும் குடும்பங்களுக்கு: ஐஐடியில் பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அது முழுவதும் விலக்கு. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் எல்லோருக்கும் முழு விலக்கு, 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. அரசுப் பள்ளியில் படித்து இத்தகைய நிறுவனங்களுக்குப் போகிறவர்களின் செலவை ஏற்கும் திட்டம் தமிழக அரசிடமும் இருக்கிறது. விடுதி, சாப்பாட்டுச் செலவு தனி.

ஜூனில் ஜோசா கவுன்சலிங் தொடங்கும். ஐஐடி, என்ஐடி, ஐஐஐடி எல்லாவற்றுக்கும் சேர்த்து 2015இலிருந்து நடக்கும் ஒரே ஆன்லைன் கலந்தாய்வு இது. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு என்று நூற்றுக்கணக்கான இணைகளை வரிசைப்படுத்தி விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் ரொம்பத் தெளிவாகத் தவறு செய்கிற கட்டம் இதுதான். 'கிடைக்காததை மேல போட்டு என்ன பிரயோஜனம், கிடைக்கிறதை முதல்ல போடு' என்பார்கள். கணினி செய்வது வேறு. பிள்ளையின் முறை வரும்போது, அவன் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, அவன் ரேங்க்குக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தைக் கொடுத்துவிடும். மேலே உள்ள ஐம்பதும் கிடைக்காவிட்டாலும் ஐம்பத்தொன்றாவது இடத்துக்கு அவனுக்கு உள்ள உரிமை துளியும் குறையாது. பேராசைக்கு அபராதம் கிடையாது. அபராதம் இருப்பது எதிர்ப்பக்கத்தில்தான்: உண்மையில் விரும்பும் இடத்துக்கு மேலே, 'பத்திரமாக இருக்கட்டும்' என்று இன்னொன்றைப் போட்டு வைத்தால் அந்தப் பத்திரமானதுதான் கிடைக்கும், விரும்பியதைக் கணினி திரும்பிக்கூடப் பார்க்காது. முந்தைய ஆண்டின் கடைசி ரேங்க் விவரத்தை ஜோசாவே வெளியிடுகிறது. அதைப் பட்டியல் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று பார்க்கப் பயன்படுத்தலாம், வரிசையைத் தீர்மானிக்கப் பயன்படுத்தக் கூடாது.

இடம் கிடைத்ததும் ஃப்ரீஸ், ஸ்லைடு, ஃப்ளோட் என்று மூன்று பொத்தான்கள். ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஸ்லைடு என்றால் இதே கல்லூரியில் பட்டியலில் மேலே உள்ள பிரிவு காலியானால் மாற்று. ஃப்ளோட் என்றால் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் மேலே உள்ளது வந்தால் மாற்று. மாறினால் பழைய இடம் உடனே அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் பட்டியல் கொடுக்கும் முன்பு வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பெரிய பெயருள்ள கல்லூரியில் மனசுக்கு ஒட்டாத பிரிவா, நடுத்தரக் கல்லூரியில் பிடித்த பிரிவா? இதற்குப் பொதுவான விடை எதுவும் என்னிடம் இல்லை. பிள்ளையின் விடையை அப்பா பட்டியலில் இரவோடு இரவாகத் திருத்தக் கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. நாலு வருஷம் வகுப்பில் உட்காரப் போவது அவர் கிடையாது.

இந்தப் படிப்பு பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதையும் சொல்லாமல் போக முடியாது. ராஜஸ்தானில் கோச்சிங் மையங்களுக்குப் பேர்போன கோட்டா நகரத்தில் தற்கொலைகள் தொடர்ந்ததால் 2023 ஆகஸ்டில் விடுதி அறைகளில் ஸ்பிரிங் வைத்த மின்விசிறிகளைப் பொருத்தும்படி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. ஒரு பிரச்சினையை விசிறி வரைக்கும் மட்டும் பார்த்த உத்தரவு. 2024 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது, ரேங்க் உத்தரவாதம் தரக் கூடாது என்கிறது. ஆறாம் வகுப்பிலேயே ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்று வீட்டு வாசலில் நோட்டீஸ் விழும் ஊர்களில் அதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும்.

வீட்டில் செய்ய முடிந்தது சின்ன விஷயங்கள். தேர்வு மையத்திலிருந்து வெளியே வருகிற பிள்ளையிடம் முதல் கேள்வி 'சாப்பிட்டியா' என்று இருக்கலாம். சில நாட்களில் விடைக்குறிப்பும் பிள்ளை எழுதிய விடைகளும் இணையத்தில் வந்துவிடும், மார்க் தானாகத் தெரியும். அதுவரை வரி வரியாக விசாரிப்பதால் யாருக்கும் லாபம் இல்லை. தூக்கம் குலைவது, சாப்பாட்டை ஒதுக்குவது, நண்பர்களோடு பேச்சை நிறுத்துவது, எதற்கெடுத்தாலும் 'என்னால உங்க பணம்தான் வேஸ்ட்' என்று சொல்வது ஆகியவை சோம்பேறித்தனமோ நடிப்போ இல்லை. கோச்சிங்குக்குக் கட்டிய தொகையை அந்தப் பிள்ளை காதுபட யாரோ திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பொருள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். பெற்றோரும் பேசலாம்.

மாற்று வழியை முதலிலேயே யோசித்து வைப்பது பிள்ளையை நம்பாததாக ஆகாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு பெரும்பாலும் மே மாதம் திறந்து ஜூன் தொடக்கத்தில் மூடிவிடும். அட்வான்ஸ்ட் முடிவு வரும்வரை காத்திருந்தால் கிண்டி பொறியியல் கல்லூரியும் குரோம்பேட்டை எம்ஐடியும் கைநழுவலாம். 1794இல் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி ஐஐடி கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசு என்று பேசுவதே எனக்கு எரிச்சல். பொறியியலை விட அறிவியல் பிடித்த பிள்ளைக்கு ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு, கணிதத்தில் கிறுக்காக இருக்கும் பிள்ளைக்குச் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம். சென்னை ஐஐடியே 2021இலிருந்து ஜேஇஇ இல்லாமல் டேட்டா சயின்ஸில் ஆன்லைன் பட்டப்படிப்பு நடத்துகிறது. அதை மட்டும் படிப்பவர்களும் உண்டு, வேறு கல்லூரிப் படிப்போடு சேர்த்துப் படிப்பவர்களும் உண்டு.

கடைசியாக, ஒரு வருஷம் டிராப் எடுக்கும் பேச்சு. அட்வான்ஸ்டை ப்ளஸ் டூ முடிக்கும் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் என இரண்டு முறைதான் எழுதலாம். 2024 நவம்பரில் இதை மூன்றாக்கி அறிவித்துவிட்டு இரண்டே வாரத்தில் திரும்பப் பெற்றார்கள். அதை நம்பிக் கல்லூரியை விட்டு நின்றவர்கள் உச்ச நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை எழுதுவதற்கு வீட்டில் சும்மா இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கிண்டியில் முதலாண்டு படித்துக்கொண்டே எழுதலாம். ஐஐடியிலேயே சேர்ந்துவிட்டவர் மட்டும் மறுபடி எழுத முடியாது. எங்கோ தூரத்து ஐஐடியில் பிடிக்காத பிரிவு கிடைத்து, 'இப்போதைக்குச் சேர்ந்துக்குவோம், அடுத்த வருஷம் மறுபடி பார்க்கலாம்' என்று கணக்குப் போடுகிற வீடுகள், ஜோசாவில் இடத்தைத் திரும்பக் கொடுக்கும் வாய்ப்பு எந்தச் சுற்றோடு முடிகிறது என்பதை அந்த ஆண்டின் விதிமுறையில் பார்த்து, தேதியைக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும்.